கம்யூனிட்டி மேனேஜரும் கம்யூனிட்டி சர்டிபிகேட்டும்

பெர்லினிலோ லண்டனிலோ ஒரு கோவொர்க்கிங் ஸ்பேஸுக்குள் போனால் நம்மை வரவேற்பவரின் பதவி பெரும்பாலும் 'கம்யூனிட்டி மேனேஜர்' என்றுதான் இருக்கும். நம் ஊரில் 'நீங்க என்ன கம்யூனிட்டி?' என்று ஒருவர் கேட்டால் அவர் எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தாசில்தார் ஆபீஸில் வரிசையில் நின்று நாம் வாங்குவதும் கம்யூனிட்டி சர்டிபிகேட்தான். அங்கே மேசையை வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கம்யூனிட்டி என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேசைக்கு யார் வந்து சேர முடிகிறது?

கடந்த சில ஆண்டுகளாக பிபிஏ, விஸ்காம், எம்பிஏ படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்புகிறார்கள். அவற்றில் அடிக்கடி வருவது இதுதான்: வெளிநாட்டு கோவொர்க்கிங் ஸ்பேஸ் ஒன்றில் மூன்று மாத மார்க்கெட்டிங் இன்டர்ன்ஷிப். அவர்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும், அவ்வளவுதான்.

2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் கோவொர்க்கிங்கைத் தொடங்கியபோது, தனியாக வேலை செய்பவர்கள் ஒன்றாக உட்கார ஓர் இடம் என்பதுதான் யோசனை. 2019 தொடக்கத்தில் வீவொர்க் நிறுவனத்தின் மதிப்பு 4,700 கோடி டாலர் என்றார்கள். 2023 நவம்பரில் அதே நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நாற்காலியும் இணையமும் எங்கும் கிடைக்கும். இந்தத் தொழில் விற்பது 'இங்கே சுவாரசியமான ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற தோற்றத்தை. அந்தத் தோற்றத்தைத் தினமும் உற்பத்தி செய்யும் வேலைதான் மார்க்கெட்டிங். உறுப்பினர்களைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது, வாராந்திர மடல் எழுதுவது, வெள்ளி மாலை நிகழ்ச்சிக்கு ஆள் திரட்டி நாற்காலி போடுவது எல்லாம் அதில் சேரும். வியாபாரத்தின் மையமான இந்த வேலையைத்தான் பல இடங்களில் சம்பளம் இல்லாத, அல்லது பேருக்கு ஏதோ கொடுக்கிற, இன்டர்னிடம் ஒப்படைக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 2015 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கிறது. ஆனால் படிப்பின் கட்டாயப் பகுதியான பயிற்சிக்கும், படிப்பையோ தொழிலையோ தேர்ந்தெடுக்க உதவும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயிற்சிக்கும் அது பொருந்தாது. பிரிட்டனிலும் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்குள் செய்யும் பயிற்சிக்கு விலக்கு உண்டு. பிரான்சில் பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால்தான் பணம் கட்டாயம். விளம்பரங்களில் 'எட்டு வாரம்', 'மூன்று மாதம்' என்று இருந்தால் இந்த எல்லைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2023இல் ஊதியமில்லாப் பயிற்சியைத் தடை செய்யச் சொன்னது சும்மா அல்ல.

சம்பளம் இல்லையென்றால் வாடகையை யார் கட்டுவது? அப்பா. கேள்வி இங்கேதான் சாதிக்கு வந்து சேர்கிறது. மாணவர் விசாவில் ஜெர்மனி போகிறவர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும் என்று 2024இல் நிர்ணயித்தார்கள். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். இன்டர்ன் விசாவுக்கும் செலவுக்கு வழி காட்டியாக வேண்டும். போதாக்குறைக்கு, இடம் பிடித்துத் தருகிறோம் என்று மாணவரிடமே கட்டணம் வாங்கும் ஏஜென்சிகள் வேறு. வேலை பார்ப்பதற்குப் பணம் கட்டும் விசித்திரம் இது. சொந்த வீடும் நிலமும் தலைமுறைத் தலைமுறையாக யாரிடம் தங்கின என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்து அந்த வங்கி இருப்பு, 'சர்வதேச அனுபவம்' என்ற ஒரு வரியாக மாறி ரெஸ்யூமில் உட்கார்ந்துவிடுகிறது. நேர்காணலில் அதற்குப் பெயர் தகுதி, திறமை.

ஐடிஐ முடித்த ஃபிட்டர் ஒருவரின் அப்ரண்டிஸ் இடத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு உண்டு. பின்னர் பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டார்கள். ஏசி அறைப் பயிற்சியான இன்டர்ன்ஷிப்புக்கு அப்படி எதுவும் இல்லை. பல இடங்கள் விளம்பரத்துக்கே வருவதில்லை. சித்தப்பாவின் நண்பர், கல்லூரி சீனியர், லிங்க்ட்இன் அறிமுகம் என்று நிரம்பிவிடும். லேத் முன்னால் நிற்கும் வேலைக்கு மட்டும் ரோஸ்டர், நிறுவனத் தலைவர்களோடு காபி குடிக்கும் வேலைக்கு 'நெட்வொர்க்'. இந்தப் பிரிவினை தற்செயலா?

'மூன்று மாத அனுபவம்தானே, இதிலுமா சாதி?' என்று முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு, சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை 2020இல் தொடுத்த வழக்கும் 2023இல் சியாட்டில் நகரம் கொண்டுவந்த சாதிப் பாகுபாட்டுத் தடையும் போதுமான பதில். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று பெருமைப்படலாம். 'ஊர் எது, ஊருக்குள்ளே எந்தப் பக்கம்?' என்று அங்கேயும் கேட்கிறார்களே.

அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனது பரோடா அரசு தந்த மாதம் பதினொன்றரை பவுண்டில். பொதுப் பணம் இல்லாமல் அந்தப் பயணம் இல்லை. இன்று ஒன்றிய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதுவும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். 2022இல் இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுகளையும் அதிலிருந்து விலக்கினார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராயப் பணம் கிடையாது என்பதுதான் அதன் பொருள். இன்டர்ன்ஷிப்புக்கு அதில் இடமே இல்லை.

தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' திட்டத்தில் மாணவர்களை வெளிநாட்டுக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பிக் காட்டியிருக்கிறது. அந்த வழியில், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு விமானச் சீட்டும் வாடகையும் தரும் இன்டர்ன்ஷிப் நிதியை, இட ஒதுக்கீட்டோடு கேட்கலாம். கல்லூரிகள் இன்டர்ன்ஷிப்பை மதிப்பெண்ணோடு இணைத்துக்கொண்டே போகும்போது, ஊதியமில்லாத இடங்களுக்கு மாணவர்களை அனுப்பக் கூடாது என்று மாணவர் அமைப்புகள் சொல்லலாம். வெளிநாட்டில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் தோழர்கள், இன்டர்ன் இடத்தை அறிமுகத்தில் நிரப்பாமல் பொதுவில் விளம்பரப்படுத்துங்கள், பணம் கொடுங்கள். மாதம் எவ்வளவு என்ற வரி இல்லாத இன்டர்ன்ஷிப் விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், 'சம்பளம் எவ்வளவு?' என்று அதன் கீழேயே கேளுங்கள். பதில் வரும்வரை அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.