1,033 பேர் மோதிய ஒரு சீட்!

ஒரு சின்ன க்விஸ் மக்களே! ஒரு எம்.எல்.ஏ. சீட்டுக்கு அதிகபட்சம் எத்தனை பேர் போட்டி போட்டிருப்பாங்க? இருபது? ஐம்பது? ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி தொகுதியில், 1996 சட்டமன்றத் தேர்தலில் களத்தில் நின்றவர்கள் மொத்தம் 1,033 பேர். நிஜம்தான் பாஸ்!

இது காமெடிக்காக நடந்த கூத்து இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்கள் விவசாயிகள். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனவங்க, 'இந்தா பிடி'ன்னு வேட்புமனுவே கொடுத்துட்டாங்க. அப்போ டெபாசிட் வெறும் 250 ரூபாய்தான்.

அவ்வளவுதான், ஆடிப்போச்சு தேர்தல் கமிஷன்! ஓட்டு மெஷின் வராத காலம். 1,033 பேரையும் சின்னத்தோட ஒரே சீட்டில் எப்படி அடக்க? ஓட்டுச்சீட்டு புத்தகமாகிடுச்சு. தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போச்சு. இன்றைய எம்-3 மெஷினாலும் இது ஆகாது. 24 யூனிட்டைக் கோர்த்து மாட்டினாலும், 'நோட்டா'வையும் சேர்த்து 384 பெயர்தான் கொள்ளும். அதுக்கு மேலே போனால் பழையபடி பேப்பர்தான்.

ரிசல்ட்? தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 39 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1977-ல் இதே தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளரா நின்று ஜெயித்தவர் அவர். எதிர்ப்பைக் காட்ட நின்றவங்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழலை!

ஆனா, அதோடு கதை முடியலை. அதே 1996-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினாங்க. சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250-ல் இருந்து ஒரே தாவில் 5,000 ரூபாய் ஆச்சு. சுயேச்சையா நிற்க பத்து பேர் முன்மொழியணும்னு ரூல் வந்தது. 2009-ல் டெபாசிட் 10,000 ஆச்சு. எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு இதில் பாதி. பதிவான செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்ப வரும்.

விளையாட்டுக்கு நிற்கிறவங்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடுன்னு சொல்றாங்க. ஓகே. ஆனா, வயிற்றெரிச்சலில் நிற்கிறவனையும் அதே கேட்தானே தடுக்குது? பணம் இருக்கிற டம்மி வேட்பாளர் 10,000 ரூபாயை ஈஸியா கட்டிடுவார். ஒரு ஏக்கர் விவசாயி எங்கே போவார்?

இப்போ க்ளைமாக்ஸ். 2021-ல் அதே மொடக்குறிச்சியில், அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி நின்றார். எதிரே பா.ஜ.க.வின் சரஸ்வதி. மேடம் தோற்றது எத்தனை ஓட்டில் தெரியுமா? 281! நம்ம காலேஜில் நாலஞ்சு க்ளாஸைக் கூட்டினாலே அவ்வளவு பேர் தேறும்.

வேட்புமனு விலை நாற்பது மடங்கு ஏறிடுச்சு. எம்.எல்.ஏ. ஆக நமக்கு இன்னும் 25 வயசும் ஆகலை. கையில் இருக்கிறது ஓட்டு ஒண்ணுதான். அதுக்கு டெபாசிட் கிடையாது, முன்மொழிய ஆள் வேண்டாம். 18 முடிஞ்சிருந்தா படிவம் 6 போதும். ஹாஸ்டல் வாசிகள் படிக்கிற ஊரிலேயே பெயர் சேர்க்கலாம். ஆனா, ஏதாவது ஓர் ஊரில்தான் பெயர் இருக்கணும், ஜாக்கிரதை!

'என் ஒரு ஓட்டில் என்னடா மாறப்போகுது'ன்னு மெஸ்ஸில் யாராவது டயலாக் விட்டால், மொடக்குறிச்சின்னு மட்டும் சொல்லுங்க!