எங்கள் நெஞ்சுப் படம் எங்களுடையது

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் காய்ந்த பொம்மையின் ஓரப் பிசிறைச் சுரண்டும்போது எழும் வெள்ளைத் தூசி, முந்தானையில் படிவது தெரியும். நுரையீரலுக்குள் இறங்கும் சிலிக்கா தெரியாது. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அது சிலிகோசிஸ் என்று இருமலும் இரைப்புமாக வெளியே வரும். அன்று இழப்பீடு கேட்டுப் போனால் பழைய எக்ஸ்ரே வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதியோ, உள்நோயாளியின் ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது. இந்தக் கணக்கை நாங்கள் ஏற்க மாட்டோம். அமெரிக்காவில் தொழிலாளியின் மருத்துவ ஆவணத்தை அவர் வேலை பார்க்கும் காலம் முழுவதும், அதற்குப் பிறகு 30 ஆண்டும் முதலாளி காக்க வேண்டும். தூசியில் நிற்கும் எங்களுக்கும் அதுவே வேண்டும்.

காக்க வேண்டும் என்பதால் கண்டவர் கையில் கொடுக்கலாம் என்று ஆகாது. படத்தில் சிலிகோசிஸ் பல நேரம் காசநோய் போலவே தெரியும். அந்தச் சந்தேகம் முதலாளியின் காதுக்குப் போனால் வேலை போகும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனால் பாலிசி போகும். 2022 நவம்பரில் இணையத் தாக்குதல் நடத்தி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களையே முடக்கிவிட்டார்கள் என்பதை மறக்க முடியுமா?

நம் மருத்துவ ஆவணங்களை இணையத்தில் இணைக்கும் 14 இலக்க ஆபா எண் கட்டாயமல்ல. ஓ.பி. சீட்டு வரிசையில் அவசரத்தில் சொன்ன ஓ.டி.பி.யைச் சம்மதம் என்று நாங்கள் ஒப்ப மாட்டோம். எதற்கு, யாருக்கு, எத்தனை காலம் என்று தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழில் கேட்டறியவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறது. ஆனால் தகவல் கசிந்தால் விதிக்கும் அபராதம், 250 கோடி ரூபாய் வரை, அரசுக் கருவூலத்துக்குத்தான். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. அந்த உரிமையைத் திரும்பக் கொடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது சூளையடியில் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிதான். அதை வைத்தே தொடங்குகிறோம். ஒவ்வொருவரும் தங்கள் எக்ஸ்ரேக்கும் ரிப்போர்ட்டுக்கும் மனுப் போடுகிறோம். எழுதத் தெரியாத அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் எழுதிக் கொடுக்க, எங்கள் வீட்டுப் படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை வாசலில் இருப்பார்கள்.