டெலிபோன் வழிப்பறி

முன்காலத்தில் வழிப்பறி செய்கிறவன் தடியோடு இருட்டிலே மறைந்திருப்பான். இன்றைய வழிப்பறிக்காரனுக்கு இருட்டும் வேண்டியதில்லை, தடியும் வேண்டியதில்லை. ஒரு டெலிபோனும், பயந்து நடுங்கக்கூடிய ஒரு மனிதனும் கிடைத்தால் போதும். இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஒருவருடைய ஆயுட்காலச் சேமிப்பை அரை நாளில் பறித்துவிடுகிறான்.

பறிபோவது கொஞ்சநஞ்சமல்ல. 2024-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் சைபர் மோசடிகளால் ஜனங்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவும் டெலிபோன் பேச்சால் போனதல்ல என்றாலும், திருடன் நுழையும் பெரிய வாசல்களில் டெலிபோன் ஒன்று என்பதை யார் மறுக்க முடியும்?

இவர்களில் துணிச்சல் மிகுந்தவர்கள் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். "உன் பேரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது" என்பதாக ஆரம்பிக்கிறார்கள். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டை தெரிகிறது. கோர்ட்டு முத்திரை போட்ட காகிதம் வருகிறது. "கதவைச் சாத்து, யாரிடமும் பேசாதே, பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பு, விசாரணை முடிந்ததும் திரும்பி வரும்" என்கிறார்கள். கேட்கிறவரும் அப்படியே செய்கிறார்.

ஏமாறுகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பாமரர்கள்தான் என்று நினைப்பது தவறாகும். 2024-ல் பஞ்சாபில் ஒரு பெரிய ஆலை முதலாளிக்குப் போலிக் கோர்ட்டே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். படிப்புக்கும் பணத்துக்கும் குறைவில்லாதவர் ஏன் ஏமாந்தார்? திருடனுடைய மூலதனம் நமது அறியாமை மாத்திரமல்ல, நமது பயமுமாகும். காக்கிச் சட்டையைக் கண்டால் கைகட்டுவதும், முத்திரையைக் கண்டால் வாய்பொத்துவதும், "ஏன்?" என்று கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்பதும் பிள்ளைப் பிராயம் முதல் நமக்குப் பழக்கப்பட்டுப் போய்விட்டது.

டெலிபோனில் கைது செய்யச் சட்டத்தில் எங்கே இடமிருக்கிறது? எங்கும் இல்லை. கேஸ் விசாரணைக்காக எவனோ ஒருவனுடைய கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்ல எந்தப் போலீசாருக்கும் கோர்ட்டாருக்கும் அதிகாரமில்லை. "டெலிபோனை வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நேரில் வருகிறேன்" என்றால் உண்மையான அதிகாரிக்கு நஷ்டமென்ன? யாரிடமும் சொல்லாதே என்னும்போதே அவன் யோக்கியதை வெளியாகிவிடவில்லையா?

திருடர்கள் ஒருபுறமிருக்க, கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்று நாள் முழுவதும் தொல்லை கொடுக்கும் வியாபாரக் கூட்டம் மற்றொருபுறம். இதைத் தடுக்க 2007-ம் வருஷத்திலேயே டெலிகாம் ஆணையம் விதி செய்தது. இன்றும் 1909 என்ற எண்ணுக்குச் சொல்லி இவ்வழைப்புகள் வேண்டாமென்று பதிந்துகொள்ளலாம். அதை மீறி அழைத்தால் 7 நாளைக்குள் புகாரும் செய்யலாம். எல்லோரும் அவசியம் செய்ய வேண்டியதுதான். ஆனால் நாம் கேட்பது வேறு. நம் வீட்டுக் கதவைத் தட்டாதே என்று நாமா மனுப்போட வேண்டும்? தட்டுகிறவனல்லவா அனுமதி கேட்க வேண்டும்? ஜெர்மனியில் முன்கூட்டிச் சம்மதம் பெறாமல் வீட்டாருக்கு வியாபார டெலிபோன் செய்வது சட்ட விரோதம். இங்கும் பாரத்தை அழைக்கிறவன் தலையில் வைப்பதற்கு என்ன தடை? முகந்தெரியாதவன் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது சகஜமாகிவிட்டால், திருடன் கூப்பிடுவதும் சகஜமாகத்தானே தோன்றும்?

சர்க்கார் செய்கிறவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓ.டி.பி. எண்ணை எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்குச் சொல்ல வேண்டும். திருட்டுப் பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடிக்கொண்டே இருப்பதால், தாமதித்த ஒவ்வொரு மணியும் திருடனுக்கே லாபம். ஏமாந்தவரை வீட்டார் ஏளனம் செய்வதும் கூடாது. வெட்கத்தால் அவர் மூடி மறைத்தால் அதுவும் திருடனுக்கே லாபம்.

ஆகவே தோழர்களே! மிரட்டுகிற குரல் யாருடையதானாலும் முதலில் டெலிபோனை வையுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு யோசனை செய்யுங்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் இந்தப் புரட்டுக்கு ஆயுள் கிடையாது.