ரேஸ் முடிஞ்சதும் பீர்: கார் கிளப்கள் அனுமதிக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கடைசி காரும் டிராக்கைச் சுற்றி முடித்து பிட் லேனுக்குள் வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையெல்லாம் வியர்வை. யாரோ ஒருவர் ஐஸ் பெட்டியைத் திறக்கிறார். "அதான் ஓட்டி முடிச்சாச்சே, இனிமே என்ன?"

இனிமேல்தான் இருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலானோர் அதே காரை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கார் ரேஸையும் ஷாம்பெயினையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 1967 லே மான்ஸ் போட்டியில் ஜெயித்த டான் கர்னி, மேடையில் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சியடித்தார். அது இன்றுவரை சடங்காகத் தொடர்கிறது. பஹ்ரைனில் மதுவுக்குப் பதிலாக ஆல்கஹால் இல்லாத, பன்னீர் கலந்த பானம். கொண்டாட்டத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை.

அமெரிக்காவின் பெரிய அமெச்சூர் ரேஸிங் அமைப்பான எஸ்.சி.சி.ஏ.வில், அன்றைய டிராக் நிகழ்ச்சிகள் முடியும் வரை ஓட்டுநர், மெக்கானிக், அதிகாரி யாரும் குடிக்கக் கூடாது. முடிந்த பிறகு தடை இல்லை. அங்கே பலர் டிராக்கிலேயே டென்ட், கேரவன் போட்டு ராத்திரி தங்கிவிடுவார்கள் என்பதால் இது ஓரளவு ஒத்துவருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் கதை வேறு. கேட்டைத் தாண்டினால் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை!

எவ்வளவு குடித்தால் சிக்கல்?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்தான் வரம்பு. தாண்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வரம்பு 80 மி.கி. ஆகவே அங்கத்திய கிளப் விதியை அப்படியே இங்கே காப்பி அடிக்க முடியாது.

நம் உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 15 மி.கி. அளவுதான் குறைக்கும். 80 மி.கி.யில் இருப்பவர் 30-க்கு இறங்க 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காபி குடித்தாலும் தலைக்குத் தண்ணி ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் வெயிலில் கார் ஓட்டியவருக்கு ஒரு பீரே சீக்கிரம் ஏறும்.

கிளப்புக்குப் பொறுப்பு உண்டா?

இங்கேதான் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டத் தூண்டுபவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. இதை வைத்துத்தான் 2022-ல் சென்னை போக்குவரத்து போலீஸ், போதையில் ஓட்டுபவருடன் பயணிப்பவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்கே இந்த நிலை என்றால், பாட்டிலைக் கையில் கொடுத்து சாவியையும் கொடுத்தவரை விட்டுவிடுவார்களா என்ற கேள்வி நியாயமானதுதான்.

உரிமம் இன்னொரு தலைவலி. 2023-ல் தமிழக அரசு விளையாட்டு மைதானம், மாநாட்டு மையம் போன்ற இடங்களில் நிகழ்ச்சிகளுக்கு மது பரிமாற சிறப்பு உரிமம் கொண்டுவந்தது (கல்யாண மண்டபத்தையும் சேர்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்களே, அதே உத்தரவுதான்). டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்ததாலேயே அது நம் வீட்டு மொட்டை மாடி ஆகிவிடாது.

அப்போ என்னதான் செய்வது?

"ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்கலாம்" என்பார்கள். தாழ்த்திய சஸ்பென்ஷன், அஞ்சு பாயின்ட் பெல்ட், உயிரை வாங்கும் கிளட்ச் - அந்த வண்டியில் ஏறிப் பார்த்த பிறகும் அவர் சம்மதிக்கணுமே! பரிசளிப்பை ராத்திரி தங்கும் ஹோட்டலுக்கு மாற்றுவது எளிது. சாப்பாடு அங்கேயே, கார் பார்க்கிங்கில், சாவி காலை வரை கிளப் நிர்வாகியிடம். தங்க வசதி இல்லாத நிகழ்ச்சியில் மது வேண்டாம் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். கோபித்துக்கொண்டு நாலு பேர் வராமல் போனால் போகட்டும்.

இரண்டு நாள் நிகழ்ச்சி என்றால் மறுநாள் காலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு 11 மணிக்கு 150 மி.கி.யில் படுத்தவர், காலை 6 மணிக்கு எழும்போதும் சுமார் 45 மி.கி.யில் இருப்பார். காரைச் சோதிக்கும் அதே வரிசையில் ஓட்டுநரையும் ஒரு முறை ஊதச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.