வெளுத்துப் போகும் ஃப்ளெக்ஸ்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்ததே, அதற்குச் சில வாரம் கழித்து பூந்துறைப் பக்கம் போயிருந்தேன். தெருவில் ஃப்ளெக்ஸ் போர்டு, அதில் முகம் முகமாகக் கடலுக்குப் போனவர்கள். ஒருவர் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த சிரிப்போடு இருந்தார்.

அந்த போர்டு நினைவுக்கு வந்தது, சமீபத்தில் நெட்டில் பழைய டச்சு அச்சுப்படங்களைப் பார்த்தபோது. (பி.காம். படித்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.) 17ஆம் நூற்றாண்டு, பாரோக் காலம் என்பார்கள். செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி நூற்றுக்கணக்கில் பிரதி எடுப்பார்கள். 1619-ல் நடுக்கடலில் தீப்பிடித்து வெடித்த கப்பலின் கேப்டன் போன்டகூ. அவருடைய கதை 1646-ல் படங்களோடு புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது. அடுத்த வருடமே 'பட்டாவியா' கப்பலின் கதை. 1629-ல் ஆஸ்திரேலியா பக்கம் பாறையில் மோதியது அது. தப்பிக் கரையேறியவர்களைக் கூட வந்தவர்களே வெட்டிக் கொன்றதையும் படமாகப் போட்டார்கள். டச்சுக் கம்பெனிக்கு எவ்வளவு தலைகுனிவு! அச்சடித்தவர்கள் காசுக்காகத்தான் செய்திருப்பார்கள். இருக்கட்டும், இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறதே.

நம்ம பக்கம்? இங்கே பக்கத்துக் கிளிமானூர்க்காரரான ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகமே தொடங்கினார். வீடுவீடாகப் போனவர்கள் லட்சுமியும் சரஸ்வதியும். ராமர் கடலரசனை அடக்கும் படமும் வரைந்திருக்கிறார். அலை பிரமாதம், வள்ளக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சட்டம் ஏழு வருடம் கேட்கிறது. பேங்கில் அந்தக் காகிதம் இல்லாமல் நாங்களும் கணக்கை முடிக்க மாட்டோம். ஒக்கிக்கு அரசாங்கங்கள் அவ்வளவு காலம் காத்திருக்காமல் நஷ்டஈடு கொடுத்தன, நல்ல காரியம். ஆனால் இந்த ஊர் வெயிலில் ஃப்ளெக்ஸ் ஏழு வருடம் தாங்குமா?

என்னைக் கேட்டால், 1935-லிருந்து இருக்கும் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் ஒரு சுவரை இதற்கு ஒதுக்கலாம். இங்குள்ள ஃபைன் ஆர்ட்ஸ் கல்லூரிப் பிள்ளைகள், அந்தக் கடலிலிருந்து உயிரோடு திரும்பியவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தகட்டில் கீறட்டும். வீட்டுக்கு ஒரு பிரதி, சர்ச்சுக்கு ஒன்று. பூந்துறை, விழிஞ்ஞத்தோடு நிறுத்தாமல் நம்ம தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களையும் சேர்க்க வேண்டும். அங்கேயும் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை! பேரை மலையாளத்திலும் தமிழிலும் போடட்டும். தமிழில் பிழையில்லாமல் எழுத ஆள் தேவையென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.