பூச்சிமருந்தால் விந்தணு குறையுமா? யார் கவலைப்பட வேண்டும்?

"பூச்சிமருந்து அடிச்ச காய்கறியைச் சாப்பிட்டா விந்தணு குறைஞ்சிடுமாம்!" இந்த மாதிரி வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கும் வந்திருக்கலாம்.

அதில் எவ்வளவு உண்மை?

ஆகத் தெளிவான ஆதாரம் சாப்பாட்டிலிருந்து கிடைக்கவில்லை, வேலையிடத்திலிருந்து கிடைத்தது.

1977ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லேத்ரோப் என்ற ஊர். அங்கே பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தங்களில் பலருக்குக் கொஞ்ச காலமாகவே பிள்ளை பிறக்கவில்லை.

அவர்கள் கையாண்டது டிபிசிபி. பயிர்களின் வேரைத் தாக்கும் நுண்புழுக்களைக் கொல்ல மண்ணில் செலுத்தும் ரசாயனம்.

கருத்தடை செய்துகொள்ளாத 25 பேரைச் சோதித்தார்கள். 14 பேருக்கு விந்தணு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. அதிக காலம் வேலை செய்தவர்களிடம் பாதிப்பும் அதிகம்.

ஆனால் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் அளவு சரியாகவே இருந்தது. வெளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது! பிள்ளை இல்லைன்னா மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்பும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் இப்படிப்பட்ட பாதிப்பு கண்ணில் படவே வாய்ப்பில்லை.

டிபிசிபி எலிகளின் விரைகளைச் சுருங்க வைக்கிறது என்பது 1961இலேயே ஆய்விதழில் வந்த தகவல். தொழிலாளர்களைச் சோதிக்க மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டைத் தடைசெய்தது. அதற்குள் கோஸ்ட்டா ரிக்கா, நிகராகுவா வாழைத்தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்கு ஆளாகியிருந்தனர். அவர்களின் வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன.

பழைய கதைதானேன்னு விட்டுவிட முடியாது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என இரண்டு வகைப் பூச்சிமருந்துகள் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. 1,774 ஆண்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஆய்வுக் கட்டுரை 2023இல் வெளிவந்தது. இவற்றுடன் தொடர்பு அதிகமாக இருந்த ஆண்களுக்கு விந்தணு அடர்த்தி குறைவாக இருந்ததாக அது சொல்கிறது.

அதே ஆண்டு மே மாதம் மலேசியா குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் இரண்டையும் தடைசெய்தது. முதலாவது ஆர்கனோபாஸ்பேட், இரண்டாவது கார்பமேட். நல்ல முடிவுதான். ஆனால் தோட்டத்து வெயிலில் முழு பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் போட்டு மருந்து அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். தடைப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டுமே?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். 2015இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வில் 155 ஆண்கள் பங்கெடுத்தனர். மருந்து எச்சம் அதிகமுள்ள காய், பழங்களை நிறைய சாப்பிட்டவர்களின் மொத்த விந்தணு எண்ணிக்கை, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 49 விழுக்காடு குறைவு. வாட்ஸ்அப் தகவல்களில் இந்த எண் மட்டும்தான் சுற்றும்.

அவர்கள் எல்லாரும் கருவள மருந்தகத்துக்கு வந்தவர்கள். அவர்கள் சாப்பிட்டதில் எச்சம் எவ்வளவு என்று நேரடியாக அளக்கவில்லை, அரசாங்கத் தரவை வைத்துக் கணித்தார்கள். மொத்தமாக எவ்வளவு காய், பழம் சாப்பிட்டார்கள் என்பதற்கும் விந்தணுவுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதனால் கீரையை ஒதுக்கிவைக்க இது காரணமில்லை. நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்க, போதும்.

மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் வேலைத் துணியைத் தனியாகத் துவைப்பது நல்லது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதனால் பரிசோதனைக்குப் போனால், கடந்த சில மாதங்களில் எந்த மருந்தைக் கையாண்டீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிடுங்க.