விளையாட்டும் படிப்புதான்!

"என்ன டீச்சர், பிள்ளை சும்மா விளையாடிட்டு வருது. நாலு எழுத்து சொல்லித் தரக்கூடாதா?"

திருமங்கலமானாலும் மதுரையானாலும் அங்கன்வாடி வாசலில் கேட்கும் பேச்சு இது. பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசை நியாயமே. ஆனால் இரண்டு வயதுக்கு விளையாட்டுதான் பாடம்!

சிரட்டையில் மண்ணை அள்ளிக் கொட்டும்போது விரல்கள் பலப்படுகின்றன. நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவது அந்த விரல்கள்தான். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பாவை வைத்தால் பெரிசு, சிறிசு புரிகிறது. அது கணக்கு. "காக்கா எங்கே?" என்றதும் கை காட்டுகிறது. அது மொழி.

இது புதுச் சரக்கு அல்ல. மாண்டிசோரி அம்மையார் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, சின்னஞ்சிறுசுகளைக் கவனித்துப் பாடம் வகுத்தார். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் பிறந்தபோதே சத்துணவோடு முன்பருவக் கல்வியும் சேர்ந்தே வந்தது.

ஆனால் எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது, செல்போனில் பதிவு என்று எல்லாம் ஒரே டீச்சர் தலையில்! பிள்ளைகளோடு தரையில் உட்கார நேரம் ஏது? அந்த நேரத்தை அரசு மீட்டுத் தர வேண்டும். உடைந்த பொம்மைகளை மாற்ற வேண்டும். விழுங்கிவிடும் மணி, கொட்டை பக்கத்திலேயே கூடாது.

தாய்மார்களும் சிலேட்டைத் திணிக்க வேண்டாம். சாயங்காலம், "இன்னைக்கு என்ன விளையாடினே?" என்று கேட்டுப் பாருங்கள். மழலையில் பதில் வந்தால் பிள்ளை படிக்கிறது என்று அர்த்தம்!